புள்ளி வைத்துப் பின் கோடு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அது நம் காலடியில் கிடப்பது. நம் வண்டிச் சக்கரங்களின் கீழே நாள்தோறும் மிதிபடுவது. வண்டி நிறுத்துமிடத்தில் தரையின்மேல் போடப்படும் வெள்ளைக் கோட்டைப் பற்றியும், அக்கோட்டைப் போடுவதற்கு ஓர் ஒப்பந்தக்காரரை அமர்த்துவதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். இதிலே பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். முன்பு என்னிடம் யாரேனும் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஒரு கோட்டினால் ஒருவர் கை முறிந்த பிறகே எனக்கு இதிலே பேசுவதற்கு நிறைய இருக்கிறது என்பது விளங்கிற்று.

நான் பெங்களூரிலே மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுகிறேன். ஊர் தஞ்சை மாவட்டம். இங்கே வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. இருபத்து நான்கு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். அங்கே கன்னடியர், தெலுங்கர், மலையாளிகள், வடநாட்டார் எனப் பலரும் இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் மூன்று. பெங்களூரில் பதிவாகியுள்ள வாகனங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஒரு கோடியும் இரவில் எங்கேயாவது நின்றாக வேண்டும் அல்லவா? எங்கள் கட்டடத்தின் பங்குக்கு 21 கார்களும் அதற்கு மேற்பட்ட ஸ்கூட்டர்களும் நிற்கின்றன. சில தூண்களுக்கிடையே, கட்டடத்தின் கீழே. சில திறந்த முற்றத்தில். ஸ்கூட்டர்கள், ஒரு சரிவுப் பாதை வழியே இறங்கும் நிலத்தடித் தளத்தில்.

கட்டியவர்கள் போட்டுச் சென்ற கோடுகள் காலப்போக்கில் மங்கி மறைந்தன. கோடு மறைந்ததும் சண்டை தோன்றிற்று. "என் இடத்தில் அரை அடி உள்ளே வந்துவிட்டீர்கள்" என்பார் ஒருவர். "உங்கள் இடம் எது என்று தரையில் எழுதியிருக்கிறதா?" என்பார் மற்றவர். பண்டிகை நாளில் ஒருவர் வீட்டுப் பலகாரத்தை மற்றவர் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் எங்கள் கட்டடத்தில் உண்டு. அந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு தட்டுகள் போகவேண்டிய வீடுகளுக்குப் போகவில்லை. அப்போது குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளனாக இருந்தவன் நான். கோடு போட ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

சாலையில் கோடு போடும் வழக்கமே அவ்வளவு பழையதன்று. அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில் வெயின் மாவட்டத்துச் சாலை ஆணையராக இருந்த எட்வர்டு ஹைன்ஸ் என்பார் 1911-ஆம் ஆண்டில் ஒரு சாலையின் நடுவே வெள்ளைக் கோடு போடச் செய்தார். பால் வண்டி ஒன்றிலிருந்து ஒழுகிய பால் சாலை நெடுகக் கோடாகக் கிடந்ததைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் உதித்ததாகச் சொல்வர். கலிபோர்னியாவில் ஜூன் மெக்கரோல் என்ற பெண் மருத்துவர் 1917-இல் காரில் சென்றபோது எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டுச் சாலையோர மணலில் இறங்க நேர்ந்தது. அவர் தாமே தூரிகை எடுத்து, ஒரு மைல் தூரத்துக்கு நடுக்கோடு வரைந்து காட்டினார். ஏழாண்டுகள் கழித்து, 1924-இல், அம்மாநில அரசு அம்முறையை ஏற்றுக்கொண்டது. ஒரு சுவர் செய்யும் வேலையை ஒரு விரற்கடைச் சாயம் செய்கிறதென்றால், அதற்குக் காரணம் சாயத்தின் வலிமை அன்று. இருபுறமும் உள்ளவர்கள் அதை ஒப்புக்கொண்டிருப்பதே.

நிற்க. எங்கள் கதைக்கு வருகிறேன். கோடு போடுபவரைத் தேடியபோது மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்றாமவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். வாயிலில் நின்று, "சார் தமிழா?" என்று கேட்டார். வெளி மாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு அந்த இரண்டு சொற்களின் இனிமையை நான் விளக்க வேண்டியதில்லை. காப்பி கொடுத்தேன். ஊர் விசாரித்தேன். அவர் சொன்ன தொகையும் மற்ற இருவர் சொன்னதைவிடக் குறைவாக இருந்தது. "பழைய கோட்டின் மேலேயே வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடுங்கள், மேஸ்திரி, சரிவுப் பாதையிலும் இரண்டு பக்கமும் பட்டையாக அடித்து, நடுவே பெரிய அம்புக்குறி போட்டுவிடுங்கள்" என்றேன். எழுத்தில் ஒரு வரியும் இல்லை. நம் ஊர்க்காரரிடம் காகிதம் எதற்கு என்று எண்ணினேன்.

ஏப்ரல் மாதம் இரண்டே நாளில் வேலை முடிந்தது. பளபளவென்று கண்ணைப் பறிக்கும் கோடுகள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மே மாதம் முதல் கோடை மழை பெய்தது. எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கன்னடத்துக்காரர், தனியே வாழ்பவர். எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான். அன்று மாலை காய்கறி வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தவர், சரிவுப் பாதையில் அந்தப் பெரிய அம்புக்குறியின்மேல் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் எண்ணெய்மேல் போவதுபோல் வழுக்கிற்று. வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

நான் பார்க்கச் சென்றபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கோடு அழகாகத்தான் இருக்கிறது. அதன்மேல் போகாமல் வீட்டுக்கு வர வழி இருந்தால் மட்டும் சொல்லுங்கள்" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வசவைவிடக் கடுமையாக இருந்தது. சங்கக் கூட்டத்தில் வேறொருவர் வெளிப்படையாகவே பேசினார்: "செயலாளர் தம்முடைய ஆளைக் கொண்டுவந்தார்." 'தம்முடைய ஆள்' என்ற சொல்லில் என் மொழி இருந்தது, மேஸ்திரியின் ஊர் இருந்தது. நான் செய்த பிழை ஒரு நொடியில் எங்கள் மூன்று குடும்பங்களின் பிழையாயிற்று. பிற மாநிலத்தில் வாழ்பவன் சிறிய காரியத்தையும் சற்றே கூடுதல் கவனத்தோடு செய்யவேண்டியிருப்பது இதனாலேதான்.

சினத்தோடு மேஸ்திரியை வரவழைத்தேன். அவர் வந்தார், ஓடி ஒளியவில்லை. தரையைப் பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "சார், வெள்ளைப் பெயின்ட் என்று சொன்னீர்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற எனாமலும் வெள்ளைப் பெயின்ட்தான். நீங்கள் ஒப்புக்கொண்ட தொகைக்கு அதுதான் வரும். சாலைப் பெயின்ட் வேறு இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் அதற்குண்டான தொகையைச் சொல்லியிருப்பேன். சரிவிலே இவ்வளவு பட்டையாக வேண்டாம் என்று அன்றே சொன்னேன். நீங்கள் அழகாக இருக்கும் என்றீர்கள்."

அவர் சொன்னதை மறுக்க என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. உண்மையில் மறுக்கவும் ஒன்றுமில்லை. இருபது ஆண்டுகளாக ஒரு சொல்லுக்கு நேரான சொல் எது என்று தேடிச் சம்பளம் வாங்குகிறவன் நான். 'வெள்ளைப் பெயின்ட்' என்ற இரு சொற்களை எடைபோடாமல் விட்டுவிட்டேன்.

சொல்லைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. கன்னடத்தில் ஒப்பந்தக்காரரைக் 'குத்திகெதார' என்கிறார்கள். நம் காதுக்கு அது குத்தகைதாரர். தமிழ்நாட்டில் குத்தகைதாரர் என்றால் நிலத்தையோ தோப்பையோ குத்தகைக்கு எடுத்தவர். மலேசியத் தமிழரோ கட்டட ஒப்பந்தக்காரரையே குத்தகையாளர் என்பார்கள். ஒரே வேரிலிருந்து பிறந்த சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் கொள்கிறது. சொல் இப்படியென்றால், வாயால் பேசி முடித்த வேலை எத்தனை பொருள் கொள்ளாது?

தமிழில் டெண்டர் என்பதற்கு 'ஒப்பந்தப்புள்ளி' என்றும், கொட்டேஷன் என்பதற்கு 'விலைப்புள்ளி' என்றும் சொல்லாக்கம் செய்திருக்கிறார்கள். இவ்விரு சொற்களையும் அலுவலகத்தில் பன்முறை எழுதியிருக்கிறேன். அவற்றிலுள்ள புள்ளியை மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை. வாசலில் கோலமிடும் நம் வீட்டுப் பெண்கள் முதலில் எண்ணிப் புள்ளி வைத்து, அதன் பிறகே கோடு இழுக்கிறார்கள். நான் புள்ளி வைக்காமல் கோடு இழுத்தவன். ஆகவே, எந்தெந்தப் புள்ளிகளை முன்னதாக வைக்கவேண்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டதை இனிச் சொல்கிறேன்.

முதற்புள்ளி, இடம் யாருடையது என்பது. ஒப்பந்தக்காரரை அழைப்பதற்கு முன்பே குடியிருப்போர் தமக்குள் இதை முடிவு செய்துகொள்ள வேண்டும். கர்நாடக அடுக்குமாடி உடைமைச் சட்டம் 1972-ஆம் ஆண்டினது. அறிவிப்புப் பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, வண்டி நிறுத்துமிடங்களை அச்சட்டம் பொதுப் பகுதிகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. மகாராஷ்டிரச் சட்டம் ஒன்றின் கீழ் எழுந்த வழக்கில், 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றம், திறந்த இடத்தையும் தூண்களுக்கிடையேயுள்ள இடத்தையும் கட்டியவர் தனியாக விலைக்கு விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டமும், திறந்தவெளி நிறுத்துமிடங்களைப் பொதுப் பகுதியாகவே கூறுகிறது. கூரையும் மூன்று புறம் சுவரும் உள்ளதையே கராஜ் என்கிறது. உங்கள் கட்டடத்தின் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். தீராத சண்டையின்மேல் பெயின்ட் அடித்தால் சண்டைதான் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் புள்ளி, அளவு. பழைய கோட்டின் மேலேயே அடிக்கச் சொன்னது என் இரண்டாவது தவறு. பழைய கோடு சரியானது என்று யார் சொன்னது? நாடா பிடித்து அளந்து பார்த்தோம். ஒரு காருக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். நேர்க்கோணத்தில் நிறுத்தி எடுப்பதற்கு முன்னே ஏறத்தாழ ஆறு மீட்டர் வழி இருந்தால் சிரமமில்லை. எங்கள் பழைய இடங்கள் பலவற்றில் அகலம் இரண்டேகால் மீட்டர்கூட இல்லை. தூணின் பருமனைக் கணக்கிலே சேர்க்காமல் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். தீபாவளிக்குத் தட்டுப் போகாத இரு வீட்டாரும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்களே, குற்றம் இருவரிடமும் இல்லை. கதவு திறக்க இடமில்லாத கோட்டிலே இருந்தது. இதை அளவு நாடா சொன்ன அன்றே பாதிப் பகை தீர்ந்தது.

முதல் மாடியில் சக்கர நாற்காலியில் வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அத்தகையோருக்கான இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்றும், அது நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் அமையவேண்டும் என்றும் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. கார்க் கதவை முழுவதும் திறந்து, பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, உடலை மாற்றிக்கொள்ள அவ்வளவு இடம் தேவை. அளந்து பார்த்தபோது லிப்டுக்கு அருகே அதற்குப் பொருத்தமாக இருந்தது என்னுடைய இடமும் அடுத்த இடத்தில் ஒரு பகுதியும். பத்தாண்டுகளாக நான் நிறுத்தி வந்த வசதியான இடம் அது. அதை விடுவதற்கு மனம் உடனே இசைந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கடைசித் தூணின் பின்னே உள்ள இடத்துக்குப் போனேன். புதிய கணக்கின்படி பழைய 24 இடங்கள் 22 ஆயின. 21 கார்களுக்கும் இடம் கிடைத்தது. மீந்த ஒன்று விருந்தினருக்கு.

மூன்றாம் புள்ளி, தரையும் சாயமும். தரை எத்தகையது என்று பார்த்தே சாயத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தார்ச் சாலைகளிலே இப்போது பெரிதும் காணப்படுவது தெர்மோபிளாஸ்டிக் என்னும் வகை. அது தூளாக வரும். ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் உருக்கி, கூழாகத் தரையில் இழுப்பார்கள். சில நிமிடங்களில் இறுகிவிடும். சாலை வேலைக்கான அரசு விவரக்குறிப்பு அதற்கு இரண்டரை மில்லிமீட்டர் கனம் கேட்கிறது. அது இறுகுமுன் மேலே சிறு சிறு கண்ணாடி மணிகளைச் சதுர மீட்டருக்கு 250 கிராம் வீதம் தூவவும் சொல்கிறது. இரவில் நம் வண்டி விளக்கின் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புபவை அந்த மணிகள். இது நெடுநாள் உழைக்கும். ஆனால் எரிவாயு அடுப்பு வைத்துக் காய்ச்ச வேண்டியிருப்பதால், காற்றோட்டமில்லாத நிலத்தடித் தளத்தில், பெட்ரோல் வண்டிகளின் நடுவே, இவ்வேலையைச் செய்ய இடங்கொடுக்கலாகாது.

மற்றொரு வகை, காய்ச்சாமல் அடிக்கும் சாலைப் பெயின்ட். இதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 164 என்னும் தரக் குறிப்பு இருக்கிறது. கடையில் வாங்கும்போது டப்பாவின்மேல் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். சிறிய குடியிருப்புகளுக்கு இதுவே பெரும்பாலும் போதுமானது. கோட்டின் அகலம் 10 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் அகலம் கூட்டுவது செலவையும் வழுக்கலையும் கூட்டுவதாகும். வண்டி ஏறி இறங்கும் சரிவிலும், திரும்பும் முனையிலும் வழவழப்பான எனாமலை அறவே தவிர்க்க வேண்டும். குறி போட்டே ஆகவேண்டுமென்றால், பெயின்டோடு நயமான மணற்பொடி கலந்து, சொரசொரப்பாக, ஓரத்தில் மெல்லிய கோடாகப் போடலாம். சரிவிலே வெட்டிய காடிகள் இருந்தால் அவற்றைப் பெயின்ட் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு உயர்ந்த சாயமும் அழுக்கின்மேல் நில்லாது. எண்ணெய்க் கறையைச் சோப்புக் கரைசலால் தேய்த்துக் கழுவி, உதிரும் பழைய பெயின்டைச் சுரண்டி, தரையை நன்றாக உலரவிட வேண்டும். புதிதாகப் போட்ட கான்கிரீட் தரையானால் குறைந்தது 28 நாட்கள் பொறுக்க வேண்டும். விலையைக் குறைத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் குறைப்பது இந்தப் பகுதியைத்தான். ஏனெனில் கோடு போட்ட பிறகு அதன் கீழே என்ன இருந்தது என்பது எவருக்கும் தெரியாது.

நான்காம் புள்ளி, விலைப்புள்ளி கேட்கும் முறை. மூவரை அழைத்து, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் மூன்று வேறு வேலைகளுக்கு மூன்று விலை கிடைக்கும். நான் அதைத்தான் செய்தேன். குறைந்ததைத் தேர்ந்தெடுத்துக் கெட்டிக்காரன் என்று எண்ணிக்கொண்டேன். கேட்கவேண்டிய முறை வேறு. முதலில் ஒரு தாளில் தரைப்படம் வரையுங்கள். கோடு மொத்தம் எத்தனை மீட்டர், அகலம் எவ்வளவு, எண்கள் எத்தனை, அம்புக்குறிகள் எத்தனை, எந்த வகைப் பெயின்ட், எத்தனை பூச்சு, தரையைச் சுத்தம் செய்வது யார், பழைய கோட்டை அழிப்பது யார் என்று வரிசையாக எழுதுங்கள். அதே தாளை மூவருக்கும் கொடுங்கள். கோட்டை மீட்டர் கணக்கிலும் எழுத்தையும் குறியையும் எண்ணிக்கையிலும் விலை கேளுங்கள். அவர் இதற்குமுன் போட்ட கோடு ஒன்றை, ஒரு மழைக்காலம் கடந்ததை, நேரில் சென்று பாருங்கள். நேற்றுப் போட்ட கோடு எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

பெங்களூரிலேயே இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. கன்னிங்ஹாம் சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை, ரெசிடென்சி சாலை, விட்டல் மல்லையா சாலை ஆகியவற்றை 'டெண்டர் ஷ்யூர்' என்னும் திட்டத்தின் கீழ்ச் சீரமைத்தார்கள். நடைபாதை எவ்வளவு, வண்டி நிற்கும் இடம் எது, குழாயும் கம்பியும் எந்த ஆழத்தில் என்பனவற்றை முன்கூட்டியே வரைந்து, ஒப்பந்தத்துக்குள்ளேயே விவரக்குறிப்பாகச் சேர்ப்பதுதான் அதன் அடிப்படை. அதன் செலவைப் பற்றிப் பலவாறு பேசப்பட்டது. ஆயினும் வேலை தொடங்குமுன் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்ற கொள்கையில் குறைகாண இயலாது. ஒரு தெருவுக்குப் பொருந்துவது ஒரு முற்றத்துக்கும் பொருந்தும்.

ஐந்தாம் புள்ளி, காலமும் பணமும். பெங்களூரில் மே மாதக் கோடை மழையிலிருந்து அக்டோபர் முடிய வானத்தை நம்புவதற்கில்லை. திறந்த முற்றத்து வேலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச்சு வரையுள்ள நாட்கள் ஏற்றவை. முற்றத்தை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி வண்டிகளை வெளியே எடுத்து, அது முடிந்து உலர்ந்த பிறகே மறுபாதியைத் தொடங்க வேண்டும். பணத்தையும் அவ்வாறே பிரிக்கலாம். பெயின்ட் வாங்க ஒரு பகுதி முன்பணம்; வேலை முடிந்ததும் பெரும் பகுதி; ஒரு சிறு பகுதியை ஒரு மழைக்காலம் கழித்து, கோடு உரியாமல் இருப்பதைப் பார்த்துக் கொடுப்பது. இதை முதலிலேயே சொல்லி ஒப்புக்கொண்டால் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. முடிந்தபின் பிடித்துவைத்தால் அது வழக்காகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் கோட்டின் எல்லை நம் வாயில்வரைதான். வாயிலுக்கு வெளியே உள்ள சாலையில் 'இங்கே நிறுத்தாதே' என்று நாமாகப் பெயின்ட் அடிக்க நமக்கு உரிமையில்லை. சாலை மாநகராட்சியினுடையது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்நகருக்கு ஐந்து மாநகராட்சிகள் அமைந்தன. உங்கள் தெரு எதன்கீழ் வருகிறதென்று அறிந்து அங்கேயும், போக்குவரத்துக் காவல் நிலையத்திலும் மனுக் கொடுப்பதே முறை.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, மறு ஆண்டு ஜனவரியில் இரண்டாம் முறை வேலையைத் தொடங்கினோம். நான்கு பேருக்கு ஒரே தாளைக் கொடுத்தோம். நால்வரில் ஒருவர் அந்தத் தருமபுரி மேஸ்திரி. அவரை மறுபடி அழைக்கலாமா என்று கூட்டத்தில் கேட்டபோது, அழைக்கலாம் என்று முதலில் சொன்னவர் டீச்சர். "அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் எழுதிவிட்டுப் போனார். பாடம் தப்பானால் மாணவனை மட்டும் அடிப்பதா?" என்றார் அவர்.

மேஸ்திரி சொன்ன விலை இம்முறை எல்லாவற்றிலும் குறைந்ததன்று, இரண்டாவதாக இருந்தது. ஆனால் எங்கள் தாளில் விட்டுப்போன ஒன்றை, சரிவில் பழைய எனாமலை இயந்திரம் வைத்துத் தேய்த்து எடுக்கவேண்டும் என்பதை, அவர் ஒருவரே எழுதியிருந்தார். வேலை அவருக்கே கிடைத்தது. ஒப்பந்தத்தைக் கன்னடத்தில் எழுதி, அவருக்காகத் தமிழிலும் பெயர்த்தேன். அலுவலகத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். எழுதியதைப் படிக்கவேண்டியவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

படித்து முடித்துவிட்டு அவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். "குறித்த நாளில் வண்டிகளை எடுத்துக் கொடுக்காவிட்டால், என் ஆட்களின் அன்றைய கூலியைச் சங்கம் தரவேண்டும் என்று எழுதுங்கள், சார். போன முறை இரண்டு கார் நகராததால் நான்கு பேர் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். உங்களிடம் கேட்க வாய் வரவில்லை; ஊர்க்காரர் ஆகிவிட்டீர்களே" என்றார்.

நேயர்களே, அச்சொல்லில் எனக்கு ஒன்று விளங்கிற்று. காகிதம் கேட்டால் ஊர்க்காரர் மனம் நோகும் என்று நான் எண்ணியிருந்தேன். அந்தக் காகிதம் இல்லாமையால் நட்டப்பட்டவர் அவரும்தான். உறவைச் சொல்லி நான் அவரிடம் விலையைக் குறைத்துக்கொண்டேன். அவர் அதே உறவை எண்ணித் தம் ஆட்களின் கூலியைக் கேளாமல் இருந்துவிட்டார். எழுத்து அவநம்பிக்கையின் அடையாளம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த வரியைச் சேர்த்துக் கையொப்பமிட்ட பிறகு, நாங்கள் இருவரும் முன்னைவிடத் தாராளமாக ஊர்க்கதை பேசினோம்.

வேலை நடந்த நாளில் காலையில் முதல் காரியமாக நூல் பிடித்தார்கள். மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று அளந்து மூலை மட்டம் பார்த்தார்கள். சுண்ணக்கட்டியால் தரையெங்கும் சிறு சிறு புள்ளிகள் வைத்தார்கள். பெயின்ட் டப்பாவைத் திறக்கவே பதினொரு மணி ஆயிற்று. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், "என்னடா, கோலம் போடுகிறார்களா?" என்று கேட்டார். "ஆமாம் அம்மா" என்றேன்.

அவ்வாண்டு மழை வந்தது, போயிற்று. டீச்சர் மறுபடி ஸ்கூட்டர் ஓட்டுகிறார். சரிவுப் பாதையில் இப்போது ஓரத்தில் மட்டும் மெல்லிய சொரசொரப்பான கோடு இருக்கிறது. அவர் அதை ஒட்டி மெதுவாக இறங்குகிறார். மழைக்காலம் முடிந்ததும் பிடித்துவைத்திருந்த தொகையை மேஸ்திரிக்குக் கொடுத்தோம். என் கார் கடைசித் தூணின் பின்னே நிற்கிறது. எடுப்பதற்கு இருமுறை முன்னும் பின்னும் போகவேண்டியிருக்கிறது. அந்த இருமுறையும் எனக்கு வேண்டியதுதான்.

நீங்கள் எந்த ஊரில், எந்த மொழிக்காரர் நடுவே வாழ்ந்தாலும், ஒரு சிறு வேலைக்கு ஓர் ஆளை அமர்த்தும்போது, ஒரு தாளும் ஓர் அளவு நாடாவும் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பியும் கொடுங்கள், ஊரும் விசாரியுங்கள். பிறகு இருவருமாக உட்கார்ந்து எழுதுங்கள்.